நிழலில் தெரியும் அணு

மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி நகரத்துக் காட்சி ஒன்று உண்டு. மாதவர் வேடம் பூண்ட மணிமேகலை ஒவ்வொரு சமயவாதியிடமும் போய் அவரவர் கொள்கையைச் சொல்லச் சொல்லிக் கேட்கிறாள். ஆசீவகர் ஒருவர் விடை சொல்கிறார். நிலம், நீர், தீ, காற்று, உயிர் என்று ஐந்து வகை அணுக்கள் உண்டு. அவை புதிதாய்ப் பிறப்பதில்லை, அழிவதில்லை, இரண்டாகப் பிளப்பதில்லை, ஒன்றுக்குள் ஒன்று புகுவதும் இல்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு, கேட்பவர் மனத்தில் எழக்கூடிய சந்தேகத்தையும் அவரே எடுத்துக்கொள்கிறார். அப்படியானால் அணு ஏன் தெரிவதில்லை? தனி அணுவைத் தெய்வக்கண் உடையவரே அறிவர். மற்றவர்க்கு அது திரண்ட பிறகுதான் புலப்படும். மாலை மங்கலில் ஒற்றை மயிர் கண்ணில் படாது, கற்றையாக இருந்தால் படும் என்று எடுத்துக்காட்டும் தருகிறார்.

அதே காதையின் இறுதியில் பூதவாதி வருகிறார். கண்ணெதிரே காண்பது மட்டும்தான் அறிவு, கருதி அறிவதெல்லாம் செல்லாது என்பது அவர் கட்சி. அதுவரை எல்லாரும் சொன்னதை மறுத்துப் பேசாமல் கேட்டுக்கொண்டு வந்த மணிமேகலை இந்த இடத்தில் சிரிக்கிறாள். உன் தாய் தந்தையர் இன்னார் என்பதை அனுமானம் இல்லாமல் வேறு எந்த வழியில் அறிந்தாய் என்று கேட்கிறாள்.

காண்பது எது, கருதுவது எது, இரண்டுக்கும் நடுவே கோடு எங்கே விழுகிறது? மணிமேகலையை இயற்றிய சாத்தனாரின் இந்தக் கேள்வியை இன்று மிக நுட்பமாகச் சோதித்துப் பார்க்கும் இடம் மடமோ பட்டிமண்டபமோ இல்லை. காற்றெல்லாம் உறிஞ்சி எடுக்கப்பட்ட ஒரு கண்ணாடிக் கலத்துக்குள், அண்டவெளியைவிடப் பல கோடி மடங்கு குளிரில், லேசர் ஒளியிலும் காந்தப்புலத்திலும் சிக்கி மிதக்கும் சில ஆயிரம் அணுக்களைப் படம் பிடிக்கும் ஆய்வுக்கூடம் அது. அங்கே இருப்பவர்கள் தங்களைத் தத்துவவாதிகள் என்று சொல்லிக்கொள்வதில்லை. ஆனால் படத்தின் தரத்தை ஒரு படி உயர்த்த அவர்கள் எடுக்கும் ஒவ்வொரு முயற்சியும், அறியும் வழிகளை ஆராயும் அளவை இயலின் பழைய முடிச்சு ஒன்றில் போய்த்தான் மாட்டுகிறது.

முதலில் பூதவாதியின் நவீன வாரிசு. 1890களின் வியன்னாவில் எர்ன்ஸ்ட் மாக் பெரிய பெயர். ஒலியை மிஞ்சும் வேகத்தை இன்றும் அவர் பெயராலேயே அளக்கிறோம். அணுக்களைப் பற்றி யாராவது உற்சாகமாகப் பேசினால், ஒன்றையாவது பார்த்ததுண்டா என்று கேட்பாராம். அணுக்களின் இயக்கத்தைக் கொண்டே வெப்பத்தை விளக்கிய லுட்விக் போல்ட்ஸ்மனுக்கு அந்தக் கேள்வி கடைசிவரை முள்ளாக இருந்தது. மாக்கை அறிவியல் தெரியாதவர் என்று ஒதுக்க முடியாது. புலன்களுக்கு எட்டுவதைச் சிக்கனமாகத் தொகுத்துச் சொல்வதே அறிவியலின் வேலை, அதற்கு அப்பால் பொருள்களைக் கற்பித்துக்கொள்வது வீண் என்பது அவருடைய உறுதியான நிலைப்பாடு.

விடை கண்ணால் வரவில்லை, கருதலால் வந்தது. 1905இல் ஐன்ஸ்டைன், நீரில் மிதக்கும் நுண்துகள்கள் ஓயாமல் துள்ளுவதற்கு மூலக்கூறுகளின் மோதலே காரணம் என்று கணக்கிட்டார். 1908 முதல் பாரிஸில் ழான் பெரின், ஒருவகை மரப்பிசினின் சிறு மணிகளை நுண்ணோக்கியில் வைத்து, எந்த உயரத்தில் எத்தனை மணி என்று பொறுமையாக எண்ணினார். அவகாட்ரோ எண்ணை ஒரு வழியில் கணக்கிட்டதோடு அவர் நிற்கவில்லை. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல வழிகளில் கணக்கிட்டாலும் ஏறக்குறைய அதே எண்தான் வருகிறது என்று காட்டினார். அணுவை நம்பாத வேதியியலாளர் வில்ஹெல்ம் ஓஸ்ட்வால்ட் 1909இல் தன் கருத்தை மாற்றிக்கொண்டார். பெரினுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனாலும் அவர் கண்டது பிசின் மணிகளைத்தான். ஆசீவகர் சொன்ன மயிர்க்கற்றை அது.

ஒற்றை மயிர் தெரிய இன்னும் எழுபது ஆண்டு ஆயிற்று. தனி அணுவை வைத்து நாம் சோதனை செய்வதே இல்லை, அது வெறும் மனச்சோதனையில்தான் நடக்கும் என்று 1952இல் எழுதினார் எர்வின் ஷ்ரோடிங்கர். 1980இல் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஒரே ஒரு பேரியம் அயனியை மின்புலப் பொறியில் பிடித்து வைத்து, லேசரால் ஒளிரச் செய்து படமும் எடுத்துவிட்டார்கள். 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேவிட் நாட்லிங்கர் என்ற ஆராய்ச்சி மாணவர் ஒரு ஸ்ட்ரான்ஷியம் அயனியைச் சாதாரண கேமராவாலேயே படம் எடுத்து, பிரிட்டனின் அறிவியல் புகைப்படப் போட்டியில் முதல் பரிசு வாங்கினார். இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஊசிமுனைகள், நடுவே நீலம் கலந்த ஊதாவில் ஒரு புள்ளி. உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்த படம் அது. மாக் உயிரோடு இருந்திருந்தால் அந்தப் புள்ளியை உற்றுப் பார்த்துவிட்டு, இது அணுவின் உருவமா என்று கேட்டிருப்பார். உருவம் இல்லை. அணு ஒளியின் அலைநீளத்தைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. அங்கே தெரியும் புள்ளியின் அகலம் அணுவுக்குச் சொந்தமானதே இல்லை. அது ஒளிக்கும் கேமரா வில்லைக்கும் சொந்தம். இந்த இடத்தில் ஓர் அணு இருந்துகொண்டு ஒளியை அள்ளி வீசுகிறது என்பதற்கு அந்தப் புள்ளி சாட்சி. அவ்வளவுதான்.

ஒற்றை அயனியின் கதை இப்படி என்றால், திரளின் கதை இன்னும் சுவாரசியமானது. 1924இல் டாக்காவிலிருந்து சத்யேந்திரநாத் போஸ் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். ஒளித்துகள்களை ஒன்றிலிருந்து ஒன்று வேறுபடுத்த முடியாதவையாக எண்ணும் புதுக் கணக்கு அதில் இருந்தது. ஐன்ஸ்டைன் அதை அணுக்களுக்கும் நீட்டித்தார். போதிய அளவு குளிர்ந்தால் அணுக்கள் தனித்தனி அடையாளம் இழந்து ஒரே அலையாகத் திரளும் என்பது முடிவு. எழுபது ஆண்டு அது காகிதத்தில் கிடந்தது. 1995 ஜூன் 5 அன்று அமெரிக்காவின் போல்டர் நகரில் எரிக் கார்னெலும் கார்ல் வீமனும் ஏறக்குறைய 2,000 ருபீடியம் அணுக்களைத் தனிச்சுழியிலிருந்து ஒரு பாகையின் கோடியில் சில பங்கு வரை குளிர்வித்து அந்த நிலையை எட்டினார்கள். சில மாதங்களில் எம்.ஐ.டி.யில் வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் செய்தார். மூவருக்கும் 2001இல் நோபல்.

அந்தச் சாதனையின் படத்தைப் பார்க்காத இயற்பியல் மாணவர் இருக்க முடியாது. மூன்று மலைகள், சிவப்பு, மஞ்சள், நீலம், நடுவே உயர்ந்தோங்கும் வெள்ளைச் சிகரம். அது மலையும் இல்லை, அந்த நிறமும் கணினி பூசியது என்பது பலருக்கும் தெரிந்திருக்கலாம். அது இடத்தின் படம்கூட இல்லை என்பது அவ்வளவாகத் தெரியாது. அது வேகத்தின் படம். பொறியை அணைத்ததும் அணுக்கூட்டம் விரிந்துகொண்டே கீழே விழும். வேகமாக ஓடியவை தொலைவுக்குப் போயிருக்கும், அசையாதிருந்தவை நடுவிலேயே நிற்கும். விரிந்த கூட்டத்தைப் படம் எடுத்தால் எங்கே எவ்வளவு அணு என்பதிலிருந்து எவ்வளவு வேகத்தில் எத்தனை அணு என்று படிக்கலாம். நடுச்சிகரம் ஏறக்குறைய அசையாதிருந்த அணுக்களின் எண்ணிக்கை.

படம் எடுக்கும் முறைதான் இந்தக் கட்டுரைக்கு முக்கியம். அணுவுக்கு ஒத்திசையும் நிறத்தில் (ருபீடியத்துக்கு 780 நானோமீட்டர், கண்ணுக்கு எட்டாத விளிம்பில் உள்ள ஆழ்சிவப்பு) ஒரு லேசர் கற்றையை அணுக்கூட்டத்தின் ஊடாக ஒரு கணம் பாய்ச்சுவார்கள். அணுக்கள் ஒளியை விழுங்கும். மறுபக்கம் கேமராவில் விழுவது நிழல். நிழல் எங்கே கருமையோ அங்கே அணு அடர்த்தி. ஆனால் லேசர் கற்றை தானே சீரானதாக இருப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டிய ஒரு தூசியும் அதில் வளையம் வளையமாகப் பட்டை போட்டுவிடும். ஆகவே அணுக்கள் விலகிய பின் அதே கற்றையை மறுபடி பாய்ச்சி இரண்டாவது படம் எடுப்பார்கள். லேசரே இல்லாமல் மூன்றாவது படமும் உண்டு, கேமராவின் சொந்த இரைச்சலைக் கழிக்க. முதலாவதை இரண்டாவதால் வகுத்து, மடக்கை எடுத்தால் அணுக்களின் அடர்த்தி வந்துவிடும்.

இந்திய அளவை நூல்களில் பழகியவர் இந்த இடத்தில் புன்னகைக்காமல் இருக்க முடியாது. மணிமேகலையில் வைதிக அளவைவாதி எண்ணிச் சொல்லும் பத்து அளவைகளில் அபாவமும் ஒன்று. இல்லாமையை அறிவது. தரையில் குடம் இல்லை என்று நாம் எப்படி அறிகிறோம்? கண் தரையைத்தான் காண்கிறது. குடத்தின் இன்மையைக் கண் காணுமா? காணும், இன்மையும் ஒருவகைக் காட்சிப்பொருளே என்றது நியாயம். இல்லை, அது காட்சியிலும் சேராது கருதலிலும் சேராது, தனி அளவை என்றார் மீமாம்சகர் குமாரில பட்டர். தனி அளவையும் வேண்டாம், இன்மை என்ற பொருளும் வேண்டாம் என்றது பிரபாகரர் வழி. நூற்றாண்டுகள் நீண்ட சண்டை. அதில் ஒரு நிபந்தனையை மட்டும் பலரும் ஒப்புக்கொண்டார்கள்: இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டும் என்ற உறுதி இருந்தால்தான் தெரியாமையிலிருந்து இன்மைக்குப் போகலாம். இருட்டறையில் குடம் தெரியவில்லை என்பது எதையும் நிரூபிக்காது.

குளிர் அணுக்காரர்கள் எடுக்கும் இரண்டாவது படம் இந்த நிபந்தனைக்கான பத்திரம். அணு இல்லாதிருந்தால் இங்கே இவ்வளவு ஒளி வந்திருக்கும் என்று அது உறுதி சொல்கிறது. முதல் படத்தில் அந்த ஒளி வரவில்லை. ஆக அணு உண்டு என்பதை அவர்கள் ஒளியின் இன்மையிலிருந்து அறிகிறார்கள். குமாரிலர் இன்மையைக் கொண்டு குடம் இல்லை என்றார். இவர்கள் இன்மையைக் கொண்டு அணு உண்டு என்கிறார்கள்.

சிக்கல் அந்தப் பத்திரத்தில்தான் வரும். இரண்டு படங்களுக்கும் இடையே சில மில்லி நொடிகளாவது கழிகின்றன. அதற்குள் மேசை நூலிழை அதிர்ந்தாலும் ஒளியின் பட்டைகள் இடம் மாறிவிடும். வகுத்துப் பார்க்கும்போது மாறிய பட்டைகள் அணுக்களின் மேல் கோடு கோடாகப் படிந்து கிடக்கும். அணு கொஞ்சமாக இருக்கும் ஓரப்பகுதிகளில் எது அணு, எது பட்டை என்றே பிரிக்க முடியாது. இதைச் சரிசெய்ய நெடுங்காலமாக ஒரு தந்திரம் உண்டு. அணு இல்லாத படங்களை நூற்றுக்கணக்கில் எடுத்துச் சேமித்து, அவற்றைத் தக்க விகிதத்தில் கலந்து, முதல் படத்தின் ஓரங்களோடு மிகச் சரியாகப் பொருந்தும் ஒரு கற்பனைப் பின்னணியை உருவாக்குவது.

2020இல் இஸ்ரேலின் ஹைஃபா நகரிலுள்ள டெக்னியான் குழு இன்னும் ஒரு படி தாண்டியது. இரண்டாவது படத்தை எடுக்கவே வேண்டாம் என்றார்கள். ஒரு நியூரல் நெட்வொர்க்குக்கு அணுவே இல்லாத படங்களை ஏராளமாகக் காட்டிப் பழக்கினார்கள். பிறகு அணு உள்ள படத்தின் நடுப்பகுதியை மறைத்து, சுற்றியுள்ள ஒளியை மட்டும் அதற்குக் கொடுத்து, அணு இல்லாதிருந்தால் நடுவில் என்ன தெரிந்திருக்கும் என்று கேட்டார்கள். அது வரைந்து தந்த பின்னணி, கேமரா நிஜமாகவே எடுக்கும் இரண்டாவது படத்தைவிடக் குறைந்த இரைச்சலோடு இருந்தது.

இது சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம். நிகழாத ஒன்றை, எவரும் எடுக்காத ஒரு படத்தை, இயந்திரம் கருதிச் சொல்கிறது. அந்தக் கருதலால் வகுத்தால்தான் காட்சி தெளிகிறது. அப்படியானால் இறுதியில் கையில் இருப்பது படமா, ஊகமா? செயற்கை நுண்ணறிவு என்றாலே முகம் சுளிப்பவர்கள் இதைப் பொய்ப்படம் என்று சொல்லிவிடக்கூடும். அது அவசரத் தீர்ப்பு. டெக்னியான் குழு அந்த நெட்வொர்க்குக்கு ஓர் அணுவைக்கூடக் காட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அணு எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியாது. ஆகவே நாம் எதிர்பார்க்கும் அணுவை அது வரைந்து நம்மை ஏமாற்ற வழி குறைவு. அழகான அணுப்படங்களை ஆயிரக்கணக்கில் காட்டிப் பழக்கிய இயந்திரம் ஒன்று மங்கலான படத்தை அழகுபடுத்தித் தந்தால், அதைச் சாட்சியாக ஏற்க முடியாது. அது நம் முன்முடிவையே நமக்குத் திருப்பித் தருகிறது. இரண்டும் ஒரே தொழில்நுட்பம்தான், அறிவு என்ற வகையில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது.

காட்சிக்குக் கருதலும் இன்மையும் தேவைப்படுகின்றன என்பது ஒரு பக்கம். காட்சிக்கு விலை உண்டு என்பது மறுபக்கம்.

ருபீடியம் அணு ஒரே ஒரு ஒளித்துகளை விழுங்கினால் நொடிக்கு ஏறக்குறைய ஆறு மில்லிமீட்டர் வேகத்தில் உதைபடுகிறது. கேட்பதற்கு எறும்பின் நடையைவிட மெதுவாகத் தோன்றலாம். ஆனால் 100 நானோ கெல்வின் குளிரில் அணுக்களின் இயல்பான வேகமே அதைவிடக் குறைவு. அதாவது ஒரே ஒரு ஒளித்துகள் போதும், அந்தக் குளிரை அடியோடு கெடுக்க. நிழல் படத்துக்கோ ஒவ்வோர் அணுவும் டஜன் கணக்கில், சில சமயம் நூற்றுக்கணக்கில் ஒளித்துகள்களை வாங்குகிறது. படம் எடுத்த மறுகணம் அந்தத் திரள் இல்லை. பல நொடிகள் பாடுபட்டுக் குளிர்வித்ததை ஒரு மின்னலில் அழித்துவிட்டு, அழித்த கணத்தின் பதிவைத்தான் நாம் பார்க்கிறோம். அடுத்த படத்துக்கு வேறு அணுக்களை வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே திரளுக்குள் ஒரு சுழல் எப்படி நகர்கிறது என்று காட்டும் தொடர்படங்கள் பலவற்றில், ஒவ்வொரு சட்டத்திலும் இருப்பது வேறு வேறு திரள். ஒரே மாதிரி தயாரித்தவை ஒரே மாதிரிதான் இருக்கும் என்ற நம்பிக்கை அங்கே நடுவில் ஒட்டுப்போடுகிறது.

இந்த அழிவைக் குறைப்பதற்கான முயற்சிகள் கடந்த முப்பது ஆண்டுகளின் பெரிய கதை. 1996இல் கெட்டர்லே குழு, அணு விழுங்காத அளவுக்கு நிறத்தைச் சற்று விலக்கி வைத்த ஒளியைப் பயன்படுத்தியது. அப்படிப்பட்ட ஒளி அணுக்கூட்டத்தின் ஊடாகப் போகும்போது மங்குவதில்லை. அதன் அலை மட்டும் சற்றுப் பின்தங்குகிறது. பின்தங்கலைக் கண்ணோ கேமராவோ நேரடியாக உணராது. நிறமற்ற உயிர்ச்செல்களைச் சாயமிடாமல் காண டச்சு இயற்பியலாளர் ஃப்ரிட்ஸ் செர்னிகே கண்டுபிடித்த உத்தி (அதற்கு 1953இல் நோபல் கிடைத்தது) விரைவில் இங்கே கைகொடுத்தது. பின்தங்கலை வெளிச்ச வேறுபாடாக மாற்றிக் காட்டும் உத்தி அது. ஒரே திரளை மறுபடி மறுபடி படம் எடுக்க முடிந்தது, அதில் ஒலியலை பரவுவதைத் தொடர்ந்து பார்க்கவும் முடிந்தது. 2010இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியில் டேவிட் ஹாலின் குழு வேறு வழி பிடித்தது. திரளிலிருந்து ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து அணுவை மட்டும் வெளியே உருவி, அவற்றை மட்டும் பலி கொடுத்துப் படம் எடுத்தார்கள். மிச்சத் திரள் தன் போக்கில் தொடர்ந்தது. அதே சுழல், அதே திரள், அடுத்தடுத்த கணங்கள்.

சிதைக்காத படம் என்று ஆய்வுக்கட்டுரைகள் இவற்றை அழைப்பது மரியாதைக்காக. விலக்கி வைத்த ஒளியிலும் சில துகள்கள் அணுவை இடிக்கவே செய்கின்றன. துல்லியம் கூட வேண்டுமானால் ஒளி கூட வேண்டும், ஒளி கூடினால் இடி கூடும். 1927இல் வெர்னர் ஹைசன்பர்க் தன் கற்பனை நுண்ணோக்கியை வைத்து எழுப்பிய பிரச்சினை இங்கே கற்பனையாக இல்லை, ஆய்வுக்கூடத்தின் அன்றாட வரவு செலவுக் கணக்காக இருக்கிறது.

பார்வை இடிப்பதோடு நிற்பதில்லை, சில சமயம் கட்டியும் போடும். 1977இல் பைத்யநாத் மிஸ்ராவும் ஜார்ஜ் சுதர்சனும் எழுதிய கட்டுரை ஒன்றின் முடிவு விசித்திரமானது. குவாண்டம் பொருள் ஒன்றை இடைவிடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் அது மாறாது, இருந்த நிலையிலேயே உறைந்து நிற்கும். கிரேக்கத் தத்துவவாதி ஜீனோவின் பறக்காத அம்பை நினைத்து அவர் பெயரையே அதற்கு வைத்தார்கள். சுதர்சன் கோட்டயம் பக்கம் பிறந்தவர்; சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் படித்து, 1980களில் சென்னையின் கணித அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகவும் இருந்தவர். வேதாந்தத்தில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர் என்பதும் பலருக்குத் தெரியும். 1990இல் அமெரிக்காவில் சில ஆயிரம் பெரிலியம் அயனிகளில் அந்த உறைவு நிஜமாகவே தெரிந்தது. 2015இல் கார்னெல் பல்கலைக்கழகக் குழு ஒன்று குளிர் அணுக்களைப் படம் பிடிக்கும் ஒளியைக் கொண்டே அதைக் காட்டியது. ஒளியாலான குழிகளில் கிடந்த அணுக்கள் இயல்பாகக் குழிவிட்டுக் குழி ஊடுருவித் தாவும். படம் பிடிக்கும் ஒளியைக் கூட்டக் கூட்டத் தாவல் குறைந்தது.

இதை வைத்துக்கொண்டு, மனம் பொருளைப் படைக்கிறது, உபநிடதம் சொன்னதை இயற்பியல் நிரூபித்துவிட்டது என்று மேடையில் முழங்குவோர் உண்டு. ஆர்வம் புரிகிறது, வாதம் நிற்காது. கார்னெல் சோதனையில் அணுவை நிறுத்தியது எவருடைய உணர்வும் அல்ல, சிதறிய ஒளி. கேமராவை அணைத்துவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போயிருந்தாலும் ஒளி சிதறியவரை அணு நின்றிருக்கும். அத்வைதத்துக்கு ஆதாரம் வேண்டுமானால் அதன் சொந்த வாதங்களே போதிய வலுவுள்ளவை. ருபீடியத்தைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை.

ஆசீவகர் சொன்ன தெய்வக்கண்ணுக்கு மிக நெருங்கி வந்த கருவி 2009இல் ஹார்வர்டில் பிறந்தது. மார்க்குஸ் கிரைனரின் குழு உருவாக்கிய குவாண்டம் வாயு நுண்ணோக்கி. எதிரெதிர் லேசர்களைப் பாய்ச்சி ஒளியாலேயே கட்டம் கட்டமான ஒரு தளத்தை அமைப்பார்கள். கட்டத்துக்குக் கட்டம் 640 நானோமீட்டர். அணுக்கள் அதில் குடியேறிய பின், குழிகளைச் சட்டென்று ஆழமாக்கி அவற்றை அசையவிடாமல் பூட்டிவிட்டு, ஒளிரச் செய்வார்கள். ஒளிரும்போது படும் உதைகளால் அணு சூடேறித் தப்பிவிடாதபடி, அதே ஒளியைக் கொண்டே குளிர்வித்துக்கொண்டும் இருப்பார்கள். ஒவ்வோர் அணுவும் ஆயிரக்கணக்கில் ஒளித்துகள்களை வீசுகிறது. இந்தக் கட்டத்தில் அணு உண்டு, அடுத்ததில் இல்லை என்று ஐயமின்றிச் சொல்லலாம். மறு ஆண்டே மூனிக்கில் இமானுவேல் ப்ளாக், ஷ்டெஃபான் கூர் ஆகியோரின் குழுவும் அதைச் செய்தது.

அந்தக் கண்ணிலும் குருட்டுப்புள்ளி இருந்தது. ஒரே கட்டத்தில் இரண்டு அணுக்கள் இருந்தால், ஒளி பட்டதும் அவை ஒன்றையொன்று உதைத்துக்கொண்டு இரண்டுமே தப்பிவிடும். படத்தில் அந்தக் கட்டம் காலி. மூன்று இருந்தால் ஒன்று மிஞ்சும். ஆக அந்த நுண்ணோக்கி எண்ணிக்கையைக் காட்டுவதில்லை. ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்பதை மட்டும் காட்டுகிறது. விளைவு வேடிக்கையானது. நடுவில் மிக அடர்ந்து, கட்டத்துக்கு இரண்டு அணு என்று நிறைந்திருந்த திரள் படத்தில் நடுவே ஓட்டை விழுந்த வளையமாகத் தெரிந்தது. அதிகம் இருந்த இடம் இல்லாத இடமாகத் தோன்றியது. அந்த ஓட்டையை வெறுமை என்று நம்பி யாரும் கட்டுரை எழுதிவிடவில்லை. வளையத்தின் வடிவம், வெப்பநிலை, கோட்பாட்டுக் கணக்கு எல்லாம் சேர்ந்து, அது நிறைவின் ஓட்டை என்று சொல்லின. இரண்டு அணு உள்ள கட்டங்களை ஒளிபடும் முன்பே பிரித்து வேறு வேறு இடத்தில் வைத்து எண்ணும் முறைகள் பின்னால் வந்தன.

இதெல்லாம் பார்ப்பதுதானா? தத்துவத்தில் இதற்கு எதிரெதிரான இரண்டு விடைகள் இருக்கின்றன. பாஸ் வான் ஃப்ராஸன் 1980இல் எழுதிய நூலில் கோட்டைக் கறாராகப் போட்டார். கருவியில்லாத மனிதக் கண்ணுக்கு எட்டுவதே காணத்தக்கது. அதற்கு அப்பாலானவை பற்றி ஒரு கோட்பாடு பலன் தருகிறது என்று ஒப்புக்கொண்டால் போதும், அவை உண்மையிலேயே இருக்கின்றன என்று நம்பும் கட்டாயம் இல்லை. பூதவாதியைவிட நாகரிகமானவர், அனுமானத்தை மறுக்கவில்லை, அதற்கு எல்லை வகுக்கிறார். கனடாவின் இயன் ஹாக்கிங் 1983இல் எதிர்வாதம் வைத்தார். நுண்ணோக்கியில் பயன்படுத்தும் சிறு கட்டக் கம்பிவலை ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதைப் பெரிதாக வரைந்து, ஒளிப்பட முறையில் சுருக்கி, உலோகத்தில் பதித்தது நாம்தான். நுண்ணோக்கியில் பார்த்தால், நாம் வரைந்த அதே கட்டங்கள், அதே எண்கள். வெவ்வேறு இயற்பியலில் இயங்கும் பல நுண்ணோக்கிகளில் பார்த்தாலும் அதே. எல்லாமே தற்செயலாக ஒரே பொய்யைச் சொல்கின்றன என்று எவரால் நம்ப முடியும்? செய்ய முடிந்ததைக் காண்கிறோம் என்பதே காட்சிக்கு உரைகல் என்றார் ஹாக்கிங்.

ஹாக்கிங்கின் வாதத்துக்கு அவரே எதிர்பார்த்திராத சோதனை 2011இல் மூனிக்கில் நடந்தது. கட்டங்களில் அமர்ந்திருந்த அணுக்களில் தாங்கள் தேர்ந்த ஒவ்வொன்றின் மேலும் கூர்மையான ஒரு லேசர் கற்றையைத் தனித்தனியே குவித்து, அதன் சுழற்சியை மட்டும் மாற்றினார்கள். பக்கத்துக் கட்டத்து அணுவுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்படி அணுக்களால் கோடும் உருவமும் வரைந்துவிட்டுப் படம் எடுத்தார்கள். வரைந்தது அப்படியே படத்தில் இருந்தது. வான் ஃப்ராஸனின் கோட்டை இன்னும் பிடித்துக்கொண்டிருப்பது தர்க்கப்படி முடியும். ஆனால் அணுவை இடம் பார்த்துத் திருத்தி, திருத்தியதைத் திரும்பப் பார்க்கும் ஒருவரிடம், நீ கண்டது வெறும் பலனுள்ள கதை என்று சொல்வதில் இனி பெரிய பொருள் இருப்பதாகத் தெரியவில்லை.

2025இல் இன்னொரு வாசல் திறந்தது. அதுவரை தனித்தனி அணுவாகப் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் கட்டங்களில் குடியிருந்த அணுக்களை. எம்.ஐ.டி.யில் மார்ட்டின் ஸ்வீர்லைன் குழு அணுக்களைத் தடையின்றி உலவவிட்டு, ஒரு கணத்தில் ஒளிக்கட்டத்தை இறக்கி, இருந்த இடத்திலேயே ஒவ்வொன்றையும் உறைய வைத்துப் படம் எடுத்தது. சோடியம் அணுக்கள் போஸின் கணக்குக்கு உட்படும் போசான் வகை. அவை ஒன்றையொன்று நாடி நெருங்கிக் கூடியிருந்தன. லித்தியம் அணுக்கள், ஒரே நிலையில் இரண்டு இருக்க முடியாத ஃபெர்மியான் வகை. எதிரெதிர்ச் சுழற்சி உள்ளவை இணை இணையாகச் சேர்ந்திருந்தது படத்தில் தெரிந்தது. அதே சமயத்தில் கெட்டர்லே குழுவும் பாரிஸ் குழு ஒன்றும் இதே வழியில் முடிவுகளை வெளியிட்டன. வஞ்சியின் ஆசீவகர் அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகா என்றார். ஒரே வகை ஃபெர்மியான்களைப் பொறுத்தவரை அவர் சொன்னது ஏறக்குறைய சரி. போசான்கள் விஷயத்தில் தவறு. போஸின் கணக்குப்படி அவற்றில் எது எது என்று கேட்பதற்கே இடமில்லை. அணுவைப் பற்றிய சமயக் கொள்கை ஒன்றைக் கேமராவின் முன் நிறுத்திப் பாதி சரி, பாதி தவறு என்று சொல்ல முடிகிறது. காட்சியும் கருதலும் இன்மையும் இத்தனை அடுக்காகக் கலந்த ஒரு படத்தால் அது முடிகிறது என்பதால்தான், அதைக் காட்சி என்று அழைக்கும் உரிமையை அது சம்பாதித்திருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. எடுத்தவர் எதிர்பார்ப்பதற்கு மாறாகவும் வந்து நிற்கக்கூடிய படம் எதுவோ, அது சாட்சி.

ஆகவே நம் பாடநூல் தயாரிப்பவர்களிடமும் பத்திரிகை ஆசிரியர்களிடமும் கேட்க ஒன்று உண்டு. அணுவின் படம் என்று வண்ணமயமாக அச்சிடும்போது அடியில் இரண்டு வரி கூடுதலாகப் போடுங்கள். அது நிழலா, ஒளிர்வா. இடத்தின் படமா, வேகத்தின் படமா. ஒரே திரளா, பல திரள்களின் சராசரியா. நிறத்தைப் பூசியது யார். பின்னணியைக் கேமரா எடுத்ததா, இயந்திரம் கருதியதா. பிளஸ் டூ மாணவிக்கு இவை புரியும். புரிந்துவிட்டால் அவள் கேட்கப்போகும் அடுத்த கேள்விக்கும் ஆசிரியர்கள் தயாராக இருக்கட்டும்.